முழுப் பொருத்தம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று கட்ட வந்த பல் செட்டில் மூன்று மேல் தாடை, ஒரு கீழ்த் தாடை. மேல் தாடைகளில் ஒன்றுக்கு உரியவர், முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே சின்ன இடைவெளி வேண்டும் என்று சீட்டில் எழுதி அனுப்பியிருக்கிறார். இளவயதில் அவருக்கு அப்படித்தான் இருந்ததாம். பொய்ப்பல்லிலும் தன் பழைய குறையைக் கேட்டு வாங்குகிற மனுஷனை எனக்குப் பிடித்துவிட்டது. மெழுகில் அரை மில்லிமீட்டர் விட்டு நிறுத்தினேன்.

மதியம் அண்ணன் போன் செய்தான். பதின்மூன்று வருடத்தில் அவனாகச் செய்த நாலாவது போன். முந்தைய மூன்றும் சாவுச் செய்தி. அதனால் எடுத்தவுடன், "யாரு?" என்றேன்.

"யாருமில்லை. எனக்குத்தான். ரெண்டு கிட்னியும் போச்சு."

சொல்லிவிட்டு, வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பவன் போல் பேசாமல் இருந்தான். முப்பது வருடமாக உயிரியல் வாத்தியார். கரும்பலகையில் சிறுநீரகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவான்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றியா?" என்றான் கடைசியில்.

வருகிறேன் என்றேன். திரும்பி வந்து பார்த்தால் மெழுகு ஆறிக் கெட்டியாகியிருந்தது. மறுபடி உருக்கி, மறுபடி அரை மில்லிமீட்டர்.

மார்ச் 5

எதற்குக் கூப்பிடுகிறான் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். ஞாயிறுவரை இரண்டு பேரும் தெரியாதவர்களாக இருக்கலாம், எங்களுக்குப் பழக்கம்தான்.

மார்ச் 9, ஞாயிறு

கால் இரண்டும் வீங்கி, முகம் சாம்பல் பூத்தது போல் இருக்கிறான். வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்யப் போகிறான். பள்ளிக்கூடத்துக்கு நீண்ட விடுப்பு.

அண்ணி நூலகத்தில் வேலை செய்கிறவள். அச்சடித்த எதையும் கடைசி வரிவரை படிக்காமல் விடமாட்டாள், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற காகிதம் உட்பட. மருத்துவமனை கொடுத்த கையேட்டை என் முன்னால் விரித்து வைத்து, அடிக்கோடு போட்ட இடங்களை மட்டும் காட்டினாள்.

"கூடப் பொறந்தவங்களுக்கு நாலுல ஒரு வாய்ப்பு முழுசாப் பொருந்தறதுக்கு. எனக்கு ரத்த வகை சேருது, மத்தது எதுவும் சேராதுன்னு நெனைக்கறாங்க. உன்னைக் கட்டாயப்படுத்தலை. படிச்சுப் பார்த்துட்டுச் சொல்லு."

படிக்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே, "நோஞ்சான்கிட்ட கேக்கற மாதிரி ஆயிடுச்சு," என்றான். சின்ன வயதில் அவன் எனக்கு வைத்த பெயர். வாரம் ஒரு காய்ச்சல், மாதம் ஒரு இருமல் என்று வளர்ந்தவள் நான்.

ஏன் அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னேன் என்று இங்கே எழுதிவிடுகிறேன், வேறு எங்கே எழுதுவது. பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் பத்தொன்பது நாள் மருத்துவமனையில் கிடந்தபோது காகிதங்களைத் தூக்கிக்கொண்டு ஓடியது முழுக்க அண்ணன்தான். மூளைக் காய்ச்சல் என்றார்கள். கடைசி நாள் தாழ்வாரத்தில் எல்லோர் முன்னாலும் அவனைப் பார்த்துக் கத்தினேன்: "நீ நேரத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தா இவர் பொழைச்சிருப்பார்." அதற்கப்புறம் அண்ணன் வருவது நின்றுபோனது. நான் போனால் வாசல் பக்கத்து நாற்காலியில் உட்காருவான். பத்து நிமிடத்தில் எங்கேயோ போக வேண்டும் என்று எழுந்துவிடுவான். நானும் போவதை விட்டேன்.

பதின்மூன்று வருடமாக அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழி தேடிக்கொண்டிருந்தேன். சிறுநீரகம் கொடுத்தால் சரியாகப் போகும் என்று தோன்றியது.

மார்ச் 13, வியாழன்

பதினோரு குழாய் ரத்தம். எடுத்தவள், "ரொம்ப நல்ல நரம்பு," என்றாள். என்னை யாராவது பாராட்டி நாளாகிறது.

தானம் கொடுக்கிறவர்களைக் கவனிக்க ஒரு அம்மா இருக்கிறார். எப்போதும் பச்சைக் கோப்பு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டிருப்பதால் எனக்கு அவர் பச்சைக் கோப்பு அம்மா. என்னைத் தனியே உட்கார வைத்துக் கேட்டார்: யாராவது வற்புறுத்தினார்களா, மிரட்டினார்களா, மனசு மாறினால் தயங்காமல் சொல்லலாம், காரணம் வெளியே போகாது.

"மாறாதுங்க," என்றேன், ரொம்பத் தீர்மானமாக.

மார்ச் 20, வியாழன்

முழுப் பொருத்தம். ஆறுக்கு ஆறு.

என் கல்யாணப் பேச்சுக்குப் பிறகு இந்தச் சொல்லை இப்போதுதான் கேட்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்கிற ஆறு அடையாளமும் ஒன்றேதான் என்று அண்ணி போனில் அழுதாள். "உங்க ரெண்டு பேருக்கும் அச்சு ஒண்ணுதானாம்," என்றாள். அச்சு பற்றி எனக்குத் தெரியும். நான் வேலை செய்கிற இடத்தில் நாள் முழுக்க அதில்தான் பிளாஸ்டர் ஊற்றுகிறார்கள். ஆனால் நானும் அண்ணனும் ஒரே அச்சு என்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்த யாரும் இதுவரை சொன்னதில்லை.

சாயங்காலம் பச்சைக் கோப்பு அம்மாவும் கூப்பிட்டார். ஒரே ஒரு பரிசோதனையை மட்டும் திரும்பச் செய்ய வேண்டுமாம். மறுநாள் போய் ரத்தம் கொடுக்க வேண்டும். சாதாரண விஷயம் என்றார். அவர் குரல் சாதாரணமாக இல்லை.

மார்ச் 24, திங்கள்

எச்.ஐ.வி.

முதலில் கோப்பு மாறிவிட்டது என்றேன். பெயர், பிறந்த தேதி எல்லாம் படித்துக் காட்டினார். நான்தான். பிறகு, எனக்கு ஒரு நோயும் இல்லையே என்றேன். நாற்பத்தாறு வயதில் தினம் மூன்று மாடி ஏறி இறங்கி வேலைக்குப் போகிறேன். கடைசியாகக் காய்ச்சல் எப்போது வந்தது என்றே நினைவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் நோஞ்சான் தேறிவிட்டாள் என்று எல்லோரும் சொன்னார்களே.

"உங்க வீட்டுக்காரர் எதனால இறந்தார்?" என்று கேட்டார்.

மூளைக் காய்ச்சல், என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே புரிந்துவிட்டது.

கொடுக்க முடியாது. "அவங்ககிட்ட தகுதி இல்லைன்னு மட்டும்தான் சொல்லுவோம். காரணம் சொல்லவே மாட்டோம். அது உங்க உரிமை," என்றார். நல்ல உரிமை.

மார்ச் 25

வேலைக்குப் போனேன். இரண்டு கீழ்த் தாடை.

மார்ச் 28, வெள்ளி

இதற்கென்று இருக்கிற டாக்டரிடம் அனுப்பினார்கள். மருத்துவமனையின் பின்பக்கம், சலவைக் கூடத்தைத் தாண்டி, பெயர்ப்பலகை இல்லாத அறை. எல்லோரும் கண்டுபிடித்துவிடக்கூடாது என்று பலகை வைக்கவில்லையாம். கண்டுபிடிக்க ஐந்து பேரிடம் வழி கேட்டேன்.

சின்ன டாக்டர், முப்பது வயது இருக்கலாம். நான் கேட்ட முதல் கேள்வி என் வேலையைப் பற்றி. நான் கட்டுகிற பல் அடுத்தவர் வாய்க்குள் போகிறதே. "நீங்க கட்டின பல்லால அவங்க உங்களையே கடிச்சாலும் அவங்களுக்கு வராது," என்றார். அப்புறம்தான் அழுதேன். அதுவரை எதற்கு அழுவது என்று தெரியவில்லை.

இன்னும் ரத்தம் எடுத்தார்கள்.

ஏப்ரல் 2, புதன்

அண்ணி போன் செய்தாள். மருத்துவமனையில் சொல்லிவிட்டார்களாம்: தகுதி இல்லை, காரணம் சொல்வதற்கில்லை.

"ஆறுக்கு ஆறு பொருந்தினவங்களுக்குத் தகுதி இல்லையா?" என்றாள். "கையேட்டுல பதினேழாம் பக்கத்துல போட்டிருக்கு. தானம் கொடுக்கறவங்க கடைசி நேரத்துல மனசு மாறினா ரகசியமா டாக்டர்கிட்ட சொன்னாப் போதுமாம். தகுதி இல்லைன்னு அவங்களே சொல்லிக் காப்பாத்திடுவாங்களாம்."

அண்ணி அச்சடித்த எதையும் விடமாட்டாள்.

"அப்படித்தானே?" என்றாள்.

ஒரு நொடி யோசித்தேன். ஒரே நொடிதான். "ஆமா அண்ணி. பயமாப் போச்சு."

வைத்துவிட்டாள். கல்நெஞ்சக்காரி என்ற பெயரோடு பல் கட்டலாம். அந்த இன்னொரு பெயரோடு கட்ட முடியாது. சின்ன டாக்டர் என்ன சொன்னாலும், முதலாளிக்கு அதை யார் போய் விளக்குவது?

ஏப்ரல் 11, வெள்ளி

சின்ன டாக்டர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நோயாளிக்காக டாக்டர் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. ரொம்ப மோசம் போல என்று நினைத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். அடக்கப் பார்த்தார், அடங்கவில்லை. என் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தார்களாம். எண்ண முடியவில்லை, அவ்வளவு குறைவு. கருவியில் கோளாறு என்று மறுபடி எண்ணினார்களாம். மறுபடியும் அதே. காவல் காக்கிற செல்கள் எண்ணூற்றுச் சொச்சம்; இந்த நோயே இல்லாதவர்களுக்கு இருக்கிற அளவு. ஒரு மாத்திரைகூடப் போடாமல்.

"மருந்து இல்லாம இப்படி இருக்கறவங்க இருநூறு முந்நூறு பேர்ல ஒருத்தர்தான். நீங்க அபூர்வம்," என்றார்.

நாற்பத்தாறு வருடமாக நான் அபூர்வம் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

எப்படி என்று கேட்டேன். காகிதத்தில் ஒரு வட்டம் போட்டு, அதன் மேல் கைகள் போல் கோடு இழுத்தார். உடம்பில் ஒவ்வொரு செல்லும் தனக்குள் இருப்பதில் கொஞ்சம் கொஞ்சம் துண்டாக்கி வெளியே நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்குமாம். காவல் செல்கள் அதைப் பார்த்துக்கொண்டே போகும். அன்னியமான துண்டு தெரிந்தால் அந்தச் செல்லை முடித்துவிடும். நீட்டிக் காட்டுகிற கை எப்படிப்பட்டது என்பது பெற்றோர் கொடுக்கிற மரபணுவைப் பொறுத்தது. ஆளுக்கு ஆள் மாறும்.

"இந்த வைரஸ் லேசுப்பட்டது இல்லை. அடையாளம் தெரிஞ்சதும் மாறிக்கும். மீசையை எடுத்துடும், தலையை வேற மாதிரி வாரிக்கும். உங்களுக்கு இருக்கற கை, பி ஐம்பத்தேழுன்னு பேரு, அது என்ன பண்ணுதுன்னா, மாத்தினா வைரஸே முடமாயிடற மாதிரி ஒரு துண்டாப் பார்த்துப் புடிச்சுக் காட்டுது. மீசையை விட்டுட்டு எலும்பைப் புடிக்குது."

அந்த மரபணு உள்ள எல்லோருக்கும் இப்படி அமையாதாம். வேறு சில மரபணுக்கள் இருந்தால் நேர்மாறாம்: சீக்கிரம் படுக்கையில் தள்ளிவிடும். என் வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டேன். கைப்பந்து ஆடுகிறவர், கல்லு மாதிரி உடம்பு. அவர் இருமிக்கூட நான் பார்த்ததில்லை. அதே வைரஸ்தான். அவரைச் சுருட்டிக்கொண்டு போயிற்று. நோஞ்சானிடம் வந்து மாட்டிக்கொண்டது.

அவருக்கு எங்கிருந்து வந்தது, அவருக்குத் தெரியுமா — கேட்க வேண்டிய ஆள் இல்லை. இல்லாதவரிடம் சண்டை போட்டு நான் ஜெயித்ததும் இல்லை.

கிளம்பும்போது டாக்டர் சொன்னார்: "முழுப் பொருத்தம்னா உங்க அண்ணனுக்கும் இதே கைதான்."

ஏப்ரல் 13, ஞாயிறு

அண்ணனிடம் மட்டும் சொல்லிவிடலாம் என்று போனேன். என்னைப் பயந்தாங்கொள்ளி என்று அவன் நினைத்துக்கொண்டே சாகக்கூடாது என்று ஒரு ஆசை. அண்ணி கதவைத் திறந்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் கடைக்குப் போய்விட்டாள். நல்லதாய்ப் போயிற்று.

கட்டிலில் சாய்ந்திருந்தான். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து சொன்னேன். "நான் மனசு மாறலைண்ணே. எனக்கு எச்.ஐ.வி. இருக்கு."

அவன் அதிர்ந்து போவான், எழுந்து உட்காருவான், எப்படி என்று கேட்பான் என்று வழியெல்லாம் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவன் ஜன்னலைப் பார்த்தான்.

"அப்ப, உனக்கும் வந்துடுச்சா," என்றான்.

உனக்கும்.

நான் என் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு சொல்கூட இன்னும் சொல்லவில்லை. அந்த 'உம்' எங்கிருந்து வந்தது?

கேட்டேன். போர்வையை மார்புவரை இழுத்து விட்டுக்கொண்டான். அப்புறம் பேசினான். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினாறாவது நாளே டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாராம். மனைவிக்கும் பரிசோதனை செய்ய வேண்டும், நீங்களே பக்குவமாகச் சொல்லிக் கூட்டி வாருங்கள் என்றாராம். பக்குவமான நேரம் பார்த்துக்கொண்டிருந்தானாம்.

"அவர் போன உடனே எப்படிச் சொல்றது. ஒரு மாசம் போகட்டும்னு விட்டேன். அப்புறம் வெளியில தெரிஞ்சா உன் வேலை என்னாகும், நம்ம பேர் என்னாகும்னு... ஒரு வருஷம் பார்த்தேன். நீ நல்லாத்தான் இருந்தே. ரெண்டாவது வருஷமும் நல்லா இருந்தே. அதுக்கப்புறம் சொன்னா ஏன் அப்பவே சொல்லலைன்னு கேப்பே. அஞ்சாவது வருஷம் உனக்கு வரலைன்னே முடிவு பண்ணிட்டேன்."

"டெஸ்ட் எடுக்காமயே?"

"உன்னைப் பார்த்தாத் தெரியலையே."

"வாசல் பக்கத்து நாற்காலியில உட்கார்ந்தே பார்த்தியே, அதான் சரியாத் தெரியலை."

முப்பது வருடம் பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தை நடத்தியவன். இந்த நோய் தொட்டால் வராது, கூட உட்கார்ந்தால் வராது, பேசினால் வராது. விடைத்தாளில் ஒரு வரி குறைந்தாலும் மார்க்கைக் குறைப்பான்.

நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஏப்ரல் 14

என்ன கோபம்னே சரியாத் தெரியலை. சொல்லாததுக்கா? தள்ளி உட்கார்ந்ததுக்கா? இல்ல, பதிமூணு வருஷம் நான் சொன்ன ஒரு வார்த்தையாலதான் அண்ணன் போயிட்டான்னு தினம் தினம் என்னையே அறைஞ்சுக்கிட்டேனே, அதுக்கா? அந்த வார்த்தையை அவன் ஞாபகம்கூட வெச்சிருக்க மாட்டான். கேட்டா, "எந்த வார்த்தை?"ம்பான்.

இன்னொண்ணு. அவனுக்கு வந்த தைரியம் பூரா என்னைப் பார்த்து வந்தது. நான் மத்தவங்க மாதிரி மூணாவது வருஷம் இளைச்சு, அஞ்சாவது வருஷம் படுத்திருந்தா அவனுக்கு உண்மை தெரிஞ்சிருக்கும். நான்தான் குண்டுக்கல்லாட்டம் நடமாடினேன். என் உடம்பு எனக்குச் சாதகமா வேலை செஞ்சுது, அவனுக்குச் சாதகமாப் பொய் சொல்லிச்சு. கடைசியில அந்தப் பொய்யை நம்பித்தான் கிட்னி கேட்டு போன் பண்ணியிருக்கான்.

இப்படிப்பட்டவனும் நானும் ஆறுக்கு ஆறு.

ஏப்ரல் 22, செவ்வாய்

மாத்திரை ஆரம்பம். பதின்மூன்று வருடம் ஒன்றும் போடாமல் நன்றாக இருந்தவள், விஷயம் தெரிந்தபின் தினம் ஒன்று போட வேண்டும். எதற்கு என்று கேட்டேன். காவல்காரன் ஓய்வே இல்லாமல் நின்றுகொண்டிருந்தால் இதயம், ரத்தக்குழாய் எல்லாம் தேயுமாம். என்றைக்காவது ஒரு நாள் வைரஸ் கை நழுவவும் கூடுமாம். சரி.

இன்னொரு சங்கதி. இந்த நோய்க்கான மருந்துகளில் ஒன்று என் மரபணுவுக்கு ஆகாது. அபாகவிர் என்று பெயர். வைரஸைப் பிடித்து வைத்திருக்கிற அதே பி ஐம்பத்தேழு இருக்கிறவர்களுக்கு அந்த மருந்து கொடுத்தால் உடம்பு தூக்கிப்போட்டு உயிருக்கே ஆபத்தாகலாமாம். என் கோப்பின் மேல் சிவப்பு மையில் பெரிதாக எழுதி இரண்டு கோடு போட்டார்.

"நோயை நிறுத்தறதும் அதுதான், மருந்தை எதிர்க்கறதும் அதுதானா?"

"அதேதான்," என்றார் சின்ன டாக்டர், ஏதோ தன் வீட்டுப் பிள்ளையின் குறும்பைச் சொல்வது போல.

மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்னால் ஆராய்ச்சிக்கு ரத்தம் கேட்டார்கள். கொடுத்தேன். இருபது குழாய். என் உடம்பில் ஏதாவது யாருக்காவது பயன்படட்டும். கையெழுத்துப் போடுகிற இடத்தில் 'தானமளிப்பவர்' என்று அச்சடித்திருந்தது.

மே 6, செவ்வாய்

பிளாஸ்டர் இன்று என் மேஜையருகே வந்து நின்றாள். அச்சில் பிளாஸ்டர் ஊற்றுகிறவள், முழங்கைவரை எப்போதும் வெள்ளை, அதுவே பெயராகிவிட்டது. அவள் பக்கத்து வீட்டுக்காரி அண்ணியின் நூலகத்தில் வேலை செய்கிறாளாம்.

"கூடப் பொறந்த அண்ணனுக்கு கிட்னி தர மாட்டேன்னுட்டீங்களாமே."

சக்கரத்தில் பல்லைப் பாலிஷ் பிடித்துக்கொண்டே, "ஆமா," என்றேன்.

"நல்ல காரியம் பண்ணீங்கக்கா. என் அண்ணனுக்கு நான் நகம்கூட வெட்டிக் குடுக்க மாட்டேன்."

மதியம் அவள் டப்பாவிலிருந்து எனக்கு எடுத்து வைத்தாள். இத்தனை வருடத்தில் முதல் தடவை. கெட்டவள் என்று பெயர் எடுத்தால் சிநேகிதம் கிடைக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

மே 8

அண்ணனிடமிருந்து மூன்று தவறிய அழைப்பு. எடுக்கவில்லை. சாவுச் செய்தியாக இருந்தால் அவனே கூப்பிட்டிருக்க முடியாது.

மே 18, ஞாயிறு

அண்ணி வந்தாள். முன்னறிவிப்பு இல்லாமல், மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு. திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தேன். திட்டுகிறவர்களுக்கும் தாகம் எடுக்கும்.

குடித்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். "மாத்திரை எங்கே?" என்றாள்.

புரிந்துவிட்டது. சொல்லியிருக்கிறான்.

அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பெட்டிக்குள்ளிருந்த காகிதத்தைப் பிரித்து, மேஜையில் வைத்துக் கையால் நீவிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள். முழுவதும். இரண்டு பக்கமும். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்து உதைத்து, ஒருவழியாகக் கிளப்பிக்கொண்டு போனார்கள். அண்ணி இன்னும் முடிக்கவில்லை.

"தலைசுத்தல் வரும்னு போட்டிருக்கு. வருதா?"

"முதல் வாரம் வந்துச்சு அண்ணி. இப்ப இல்லை."

"தூக்கம்?"

"பரவாயில்லை."

காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்தாள். அந்த மாதிரி யாரும் திரும்ப மடித்து நான் பார்த்ததில்லை.

"எனக்குப் பயமாப் போச்சுன்னு ஏன் சொன்னே?"

"நீங்கதானே பதினேழாம் பக்கத்தைச் சொன்னீங்க. வசதியா இருந்துச்சு."

அண்ணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மன்னிப்பு என்ற சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அதற்குப் பதிலாகச் செய்தி சொன்னாள். அவளுடைய சிறுநீரகத்தையே வைக்கப் போகிறார்களாம். ரத்த வகை சேர்ந்தால் போதுமாம். மற்ற ஆறும் சேராவிட்டாலும் இப்போது மருந்து கொடுத்துச் சமாளித்துவிடுவார்களாம். அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி. தேதி குறித்த அன்றைக்குத்தான் அண்ணன் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். அவள் என்னைத் திட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டதைப் பார்க்க முடியவில்லையாம்.

"அஞ்சு நாளாச்சு அவர்கிட்ட பேசி," என்றாள் அண்ணி.

"அப்ப ஆபரேஷன்?"

"கிட்னி குடுக்கறேன்னு சொல்லியாச்சு. குடுப்பேன். பேசணும்னு எங்கேயும் கையெழுத்துப் போடலை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணி சிரிக்கவில்லை. மூன்று மாடியும் கூட இறங்கிப் போய்ப் பேருந்து ஏற்றிவிட்டேன்.

மே 27, செவ்வாய்

அண்ணன் போன். இன்று எடுத்தேன்.

"நீ அன்னிக்குத் தாழ்வாரத்துல சொன்னது சரிதான்," என்றான். "பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கணும். எனக்கு அந்தப் பேர் வெளியில தெரிஞ்சிடும்னு பயம். அங்கே எங்க பள்ளிக்கூடத்து ஆளுங்க நிறைய வந்து போவாங்க."

ஞாபகம் வைத்திருக்கிறான். எந்த வார்த்தை என்று கேட்கவில்லை. நான் பதின்மூன்று வருடமாகத் திரும்ப வாங்கத் தவித்த வாக்கியத்தை அவன் சரி போட்டு என்னிடமே திருப்பிக் கொடுக்கிறான்.

"சரிண்ணே, மாத்திரை போட்டியா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை. மன்னித்துவிட்டேனா? தெரியவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஜூன் 12, வியாழன்

ஆபரேஷன் முடிந்து இரண்டு பேரும் வெளியே வந்துவிட்டார்கள். சிறுநீர் உடனே வந்துவிட்டதாம். தாழ்வாரத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் வீட்டு ஆளுக்கும் இன்றைக்குத்தானாம். நான் யாருக்கும் எதுவும் கொடுக்காமல் நாள் முழுக்க ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

முதலாளியிடம் கேட்டு அரைநாள் வேலையாக்கிக்கொண்டு இங்கே அண்ணன் வீட்டுக்கு வந்து இருபது நாளாகிறது. அவனுக்குச் சமைக்கலாமா என்று சின்ன டாக்டரிடம் முதலிலேயே கேட்டுவிட்டேன். தாராளமாக என்றார், காய்கறியை நன்றாகக் கழுவச் சொன்னார்.

அண்ணன் இப்போது காலை மாலை கைநிறைய மாத்திரை போடுகிறான். அண்ணியின் சிறுநீரகத்தை அவன் உடம்பு வெளியாள் என்று கண்டுபிடித்துவிடக்கூடாதே, அதற்காகக் காவலை மங்க வைக்கிற மாத்திரை. எனக்கு எலும்பைப் பிடித்துக் காட்டுகிற அதே கை அவனுக்கும் இருக்கிறது. யாரையும் காட்டிக் கொடுக்காமல் இருக்க வேண்டும் என்று மருந்து கொடுத்து வைத்திருக்கிறார்கள். இதை அவனிடம் சொன்னேன். "அந்தப் பாடத்தை நான் இன்னும் நல்லா நடத்தியிருக்கலாம்," என்றான்.

அண்ணி பக்கத்து அறையில். இன்னும் அவனோடு பேசவில்லை. நடுவில் நான்தான். "ஜன்னலைச் சாத்தச் சொல்லு." "அவளுக்குக் குளிருதான்னு கேளு." ஒரே வீட்டில் ஆறடித் தூரத்துக்கு நான் தபால் கொண்டுபோகிறேன்.

இன்று மதியம் அண்ணியே எழுந்து மெதுவாக நடந்து சமையலறைக்கு வந்தாள். நான் கிளறிக்கொண்டிருந்த கரண்டியை வாங்கி, ஒரு வாய் எடுத்து ருசி பார்த்தாள்.

"உப்பே இல்லை."

"டாக்டர் குறைக்கச் சொல்லியிருக்கார் அண்ணி."

"அது அவருக்கு. கிட்னியும் குடுத்துட்டு உப்பும் இல்லாம சாப்பிடணும்னு எனக்கு என்ன தலையெழுத்து? பதிமூணு வருஷம் தனியாச் சமைச்சுச் சாப்பிட்டவ, இன்னும் சமையல் வரலை உனக்கு."

உள்ளே அண்ணன் சிரிக்கிற சத்தம். தையல் வலிக்க வலிக்கச் சிரிக்கிறான்.

"சிரிக்க வேணாம்னு அவர்கிட்ட சொல்லு," என்றாள் அண்ணி.

போய்ச் சொன்னேன்.

நாளையிலிருந்து இரண்டு பாத்திரத்தில் சமைக்க வேண்டும்: ஒன்றில் உப்புப் போடாமல், ஒன்றில் போட்டு. நான் எதில் சாப்பிடுவது என்பதையும் அண்ணியே தீர்மானித்துவிட்டாள். அவளுடையதில்.